ஏழாவது சீவல்

ஒரு பொருளைச் செய்வதற்கு ஒருவர் போதும். அதை மேம்படுத்துவதற்குத்தான் ஏழு பேர் வேண்டும். இந்த மாபெரும் உண்மையை உணர்ந்து, தீர்மானமாக நிறைவேற்றி, அதன்மேல் ரப்பர் முத்திரையும் குத்திய பெருமை எங்கள் நகர இசைக்குழு அலுவலகத்தையே சாரும். அந்த ஏழு பேரில் அடியேனும் ஒருவன் என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன். அடக்கம் என்னிடம் நிறையவே ஸ்டாக் இருக்கிறது. நான் ஸ்டோர் கீப்பர்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். கிளாரினெட்டின் வாய்ப்பகுதியில் நாணலால் செய்த ஒரு சின்னத் தகட்டை வைத்துக் கட்டியிருப்பார்கள். அதற்குப் பெயர் ரீட். ஊதினால் துடிப்பது அதன் நுனிதான். நுனி தடித்திருந்தால் வெறும் காற்று வரும், நாதம் வராது. மெலிந்துவிட்டால் ஆட்டுக்குட்டி கத்தும். இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடம் இருக்கிறது. சங்கீதம் குடியிருப்பது அங்கேதான். அந்த இடத்துக்கு வரும்வரை கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவ வேண்டும். சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. இந்த ஒரு குறைபாட்டை மட்டும் எங்கள் குழுவால் இன்னும் மேம்படுத்த இயலவில்லை.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கச்சேரியில் கிளாரினெட் ஒரே ஒரு தடவை ‘கீச்’ என்றது. அதைக் கவனித்தவர் எங்கள் தலைவர் ஒருவர்தான். மற்றவர்கள் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உடனே விசாரணை நடந்தது. அதில் ஒரு திடுக்கிடும் உண்மை வெளிவந்தது. இத்தனை காலமும் ரீடை ஒரே ஒரு ஆள் சீவி வந்திருக்கிறார். அதுவும், அதை ஊதுகிறவரே!

“எவ்வளவு பெரிய ரிஸ்க் பாருங்க! செய்யறதும் அவங்க, ஊதறதும் அவங்க. நடுவுல நாம எங்க இருக்கோம்?” என்றார் தலைவர்.

நடுவில் நாங்கள் எங்குமே இல்லாததால் ‘ரீட் மேம்பாட்டுக் குழு’ பிறந்தது. விதிகள் எளிமையானவை. ஆண்டுவிழாக் கச்சேரிக்கான ரீடை ஊதுபவர் செய்து ஒப்படைக்க வேண்டும். ஏழு உறுப்பினர்களும் தலைக்கு ஒரு இழுப்பு வீதம் அதைச் சீவ வேண்டும். ஒன்றுக்கு மேல் கூடாது. ஒன்றுக்குக் குறையவும் கூடாது. சீவிய தூளை அவரவர் பெயரிட்ட சிறு கண்ணாடித்தாள் உறையில் போட்டு ‘பங்களிப்பு அட்டை’யில் ஒட்ட வேண்டும். பிறகு ரீடைக் கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் வைத்து அரக்கு முத்திரை இட வேண்டும். மேடையில் தலைவர் உடைத்துக் கொடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. ஊதுபவர் உட்பட.

உறுப்பினர்களின் தகுதியைப் பற்றி யாரும் ஐயப்பட வேண்டாம். தலைவருக்குச் சொந்தமாக ஷேவிங் செய்துகொண்டு நாற்பது வருஷ அனுபவம். டிரம்ஸ்காரருக்கு மரத்தோடு நீண்ட காலப் பழக்கம். ஊக்கப் பயிற்சியாளர் ஒருவர் வாரம் ஒருமுறை வந்து எங்களை மூச்சு விடச் சொல்லுவார். காற்றுத் துறை நிபுணர் என்ற முறையில் அவரைச் சேர்த்தோம். இன்னும் மூவர், அலுவலகத்தில் நாற்காலி உள்ளவர்கள். நான், துணிக்கடைக்காரர் மகன். மீட்டர் கோலைத் தொட்டு வளர்ந்த கை.

எங்கள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். வந்தவர் விலையைக் குறைக்காமல் வாங்கிப் போய்விட்டால் அவருக்கு மனசு சங்கடப்படும். “பாவம், அந்த ஆளுக்கு ஒரு திருப்தியே இல்லாம போச்சு” என்பார். அதனால் பிறர் குறைப்பதற்கென்றே ஒவ்வொரு விலையிலும் கொஞ்சம் சதை வைத்திருப்பார். கல்லாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். இன்னொருத்தி என் தங்கை.

அந்தத் தங்கைதான் எங்கள் இசைக்குழுவின் கிளாரினெட்.

நான்கு வருஷமாகத் தற்காலிகம். ஆண்டுவிழாவில் ஒரு பாட்டு உண்டு. அதன் நடுவே எல்லா வாத்தியமும் நின்றுவிடும், கிளாரினெட் மட்டும் ஒரே சுரத்தை நூல்போல நீட்டிப் பிடிக்க வேண்டும். அது சரியாக வந்தால் வேலை நிரந்தரம். போன வருஷம் அவள் கொண்டுவந்த ரீட் அற்புதமானது என்று அவளே சொன்னாள். நாங்கள் ஏழு பேரும் அதை மேலும் அற்புதமாக்கினோம். வெங்காயத் தோல் மாதிரி ஆயிற்று. எல்லா வாத்தியமும் நின்றது. அரங்கம் மூச்சைப் பிடித்தது. “மே...” என்றது கிளாரினெட்.

‘ஒலி இயற்கையோடு நெருங்கி வந்துள்ளது’ என்று அறிக்கையில் எழுதினோம். தங்கையின் கோப்பில் மட்டும் ‘மேலும் ஓராண்டு கவனிக்கப்படலாம்’ என்று எழுதினார் தலைவர். அதுவும் இந்த ஒரு வருஷம்தான். இந்த முறையும் ஆடு வந்தால், அவள் இடத்தில் ஒரு கீபோர்டு வாங்கிப் போட்டுவிடுவதாக முடிவு. கீபோர்டுக்கு ரீட் கிடையாது என்பதை யாரும் தலைவரிடம் சொல்லவில்லை. சொன்னால் குழு கலைந்துவிடும்.

விழாவுக்குப் பத்து நாள் முன்பு வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கண்ணாடித் தகட்டை விரித்து, அதன்மேல் மெல்லிய உப்புத்தாளைப் போட்டுத் தங்கை தேய்த்துக்கொண்டிருந்தாள். நாணல் துண்டைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தாள். நானும் பார்த்தேன். வெளிச்சம் துளிகூட ஊடுருவவில்லை.

“என்னம்மா இது? ஸ்கேல் மாதிரி இருக்கு?”

“இருக்கட்டும்ணே. இந்த வருஷமும் அதே ஏழு பேர்தானே?”

“அதே ஏழுதான்.”

“யாரும் லீவு இல்லையே?”

“சீவற அன்னிக்கு யாரு லீவு போடுவா? காய்ச்சல்ல கிடந்தாலும் ஆட்டோ பிடிச்சு வந்துடுவாங்க.”

“நீயும் உண்டுதானே?”

“நான் இல்லாமலா?” என்றேன், கொஞ்சம் பெருமையாக.

அவள் மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள். பாவம், மனசு விட்டுப் போச்சு போலிருக்கிறது, தொழிலே மறந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த ‘மே’ காதிலேயே நின்றது. கூடப் பிறந்தவளின் ரீடில் போன வருஷம் ஏழாவது கத்தி வைத்தவன் நான்தானே? அந்தக் கடைசி இழுப்பு இல்லாமல் இருந்திருந்தால்? அன்றைக்கு ஒரு முடிவெடுத்தேன். அலுவலக வாழ்க்கையில் நானாக எடுத்த ஒரே முடிவு அதுதான்.

சீவும் கூட்டம் சிறப்பாக நடந்தது. தலைவர் ரீடைக் கையில் எடுத்து, முன்னும் பின்னும் பார்த்து, “அபாரம். எந்தக் குறையும் இல்லை” என்று சொல்லிவிட்டு ஒரு இழுப்பு இழுத்தார். டிரம்ஸ்காரர் இழுத்தது அடுத்த அறைக்கே கேட்டது. பயிற்சியாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

“சார், கண்ணைத் திறந்துக்கிட்டு சீவலாமே?” என்றேன்.

“நான் உள்ளுக்குள்ள பாத்துட்டிருக்கேன்” என்றார்.

மற்ற மூவரும் தங்கள் பதவிக்கு ஏற்ற அளவில் சீவினார்கள். கடைசியில் என்னிடம் வந்தது. எல்லோரும் டீயைப் பார்த்துத் திரும்பிய நேரம், ரீடை அப்படியே பெட்டியில் வைத்தேன். உறையில் தூள் வேண்டுமே? சட்டைப்பையில் இருந்த பென்சிலை எடுத்து அதன் கூரைச் சீவினேன். உறையை ஒட்டினேன். அரக்கு வைத்தார்கள். தியாகம் செய்தவனுக்கு வரும் ஒரு லேசான தலைக்கனத்தோடு வீடு போனேன்.

விழா மாலை. மேடைக்குப் பின்னால் உள்ள அறையில், முத்திரையிட்ட பெட்டி மேஜைமேல் இருந்தது. பக்கத்தில் பங்களிப்பு அட்டை. தங்கை பெட்டியைத் தொடாமல், குனிந்து கண்ணாடி மூடி வழியாக விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். இந்தப் பக்கம் வந்து பார்த்தாள். முகம் மாறியது.

“நுனியில வெளிச்சம் வரலையே? ஒரு கை குறையுதே?”

அட்டையைத் தூக்கினாள். ஒவ்வொரு உறையாக விரல் வைத்துக்கொண்டே போனவள் ஏழாவதில் நின்றாள்.

“அண்ணே.”

“என்னம்மா?”

“நாணல் தூள் கறுப்பா இருந்து எப்பவாச்சும் பாத்திருக்கியா?”

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். “உனக்காகத்தான்மா. எல்லாரும் சீவறாங்க, நான் ஒருத்தனாவது சீவாம இருக்கலாமேன்னு...”

“அடப்பாவி!” என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “அப்பா கடையில நீயும்தானே இருந்த? குறைக்க வர்றவங்களுக்குன்னு சதை வெச்சுத்தானே விலை சொல்லணும்? தலைவருக்கு இவ்வளவு, டிரம்ஸுக்கு அதுல ரெண்டு மடங்கு, கண்ணை மூடறவருக்கு ஓரத்துல கொஞ்சம்னு, ஆளுக்கு ஆள் கையை அளந்து அளந்து பத்து நாளா தேய்ச்சு வெச்சேன். ஏழு பேருக்கும் சேர்த்து. உன்னையும் சேர்த்துத்தான்!”

“என்னையுமா?”

“உன்னைத்தான் மொதல்ல! மத்தவங்க கை மாறினாலும் மாறும், எங்க அண்ணன் எப்படியும் சீவிடுவான்னு நம்பினேனே!”

வாழ்க்கையில் என்மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்தவர்கள் யாரும் இல்லை. அந்த நம்பிக்கைக்கு நான் துரோகம் செய்துவிட்டேன்.

“இப்ப ஊதினா?”

“காத்துதான் வரும். அதுக்கு கீபோர்டே தேவலாம்.”

வெளியே வரவேற்புரை ஆரம்பமாகிவிட்டது. அரக்கை உடைத்தால் வேலை போகும், உடைக்காவிட்டாலும் போகும். தங்கை சட்டென்று எழுந்தாள்.

“அண்ணே, போ. யாரையாவது பிடிச்சு ஒரு இழுப்பு சீவ வை.”

ஆள் பிடிப்பது ஒரு கஷ்டமா? அந்தக் கட்டடத்தில் எதையாவது மேம்படுத்தாமல் இருக்கும் ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஓடிப்போய்த் தலைவர் காதில் சொன்னேன்: “சார், சிறப்பு விருந்தினர் ரீடுல கையே வைக்கலையே?”

தலைவர் வெலவெலத்துப் போனார். “ஐயையோ! அவரை எப்படிய்யா விட்டோம்? மனசுல என்ன நினைச்சிருப்பாரு?”

“ரிப்பன் வெட்டற மாதிரி, மேடையிலேயே ஒரு இழுப்பு...”

“பிரமாதம்! இது என் மனசுல ரொம்ப நாளா இருந்த ஐடியா” என்றார் தலைவர்.

ஓடி வந்து தங்கையிடம் சொன்னேன். “விருந்தினர் என்ன தொழில்?” என்று கேட்டாள்.

“பல் டாக்டர்.”

அவள் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியது. “பொழச்சேன். அவங்க கை தூக்கத்துலகூட ஆழமா இறங்காது.”

மேடையில் தலைவர் அரக்கை உடைத்தார். தட்டில் கத்தியும் ரீடும் விருந்தினர்முன் போயின. அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஒருமுறை “ஆ காட்டுங்க” என்று ரீடிடம் சொல்லாத குறையாகக் குனிந்து, மெதுவாக, நுனி ஓரமாக, ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். பக்கத்தில் நின்ற தங்கையின் கண் அந்த நுனியை விட்டு அசையவில்லை. விளக்கொளி அதன் வழியே மெல்லியதாகக் கசிந்தது. அவள் மூச்சு விட்டாள்.

அப்போதுதான் போட்டோகிராபர் கையைத் தூக்கினார்.

“சார், சரியா விழலை. இன்னொரு தடவை சீவுங்க!”

விருந்தினர் சந்தோஷமாகக் கத்தியை மறுபடி வைத்தார். எனக்குக் காதில் ‘மே’ கேட்டது. தலைவர் “நல்லா ஆழமாவே சீவுங்க டாக்டர்” என்று உபசரித்தார். துணிக்கடைக்காரர் மகள் ஒரு எட்டு முன்னால் வந்து, இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டாள்.

“ஐயா, உங்க கை பட்டதுக்கு மேல இன்னொரு கை பட விடலாமா? அது உங்க கையாவே இருந்தாலும்?”

விருந்தினர் ஒரு கணம் யோசித்தார். தன்னைவிடத் தானே பெரியவர் என்பது அவருக்குப் பிடித்திருந்தது. கத்தியைத் தட்டில் வைத்துவிட்டார். கை வைத்த மாதிரி சும்மா போஸ் கொடுத்தார். படமும் நன்றாக விழுந்தது.

பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. எல்லா வாத்தியமும் நின்றது. தங்கை ஊதினாள். அந்தச் சுரம் எங்கே ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. இருட்டில் யாரோ கதவைத் திறக்கிறாற்போல வந்தது, நின்றது, நீண்டது, மறுபடி அதே மாதிரி சாத்திக்கொண்டு போனது. டிரம்ஸ்காரர்கூடக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் தங்கையின் வேலை நிரந்தரமாயிற்று. அன்றே குழு கூடியது. ஏழு பேர் சீவியபோது கிடைக்காத நாதம் எட்டாவது ஆளால் கிடைத்தது என்று புள்ளிவிவரத்தோடு நிரூபிக்கப்பட்டதால், உறுப்பினர் எண்ணிக்கையை இருபத்தொன்றாக உயர்த்தத் தீர்மானம் நிறைவேறியது. பங்களிப்பு அட்டையில் சிறந்த தூளுக்கான பாராட்டுப் பத்திரம் எனக்கே கிடைத்தது.

“உங்க தூள் மட்டும் எவ்வளவு நைசு! நிறமே தனி!” என்று தலைவர் கையைக் குலுக்கினார். “எப்படி சார் சீவினீங்க?”

“மனசு வெச்சா முடியும் சார்” என்றேன்.

பத்திரத்தைக் கொண்டுபோய்த் தங்கையிடம் காட்டினேன். நாணல் கடைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவள், அதை வாங்கி ஒருமுறை படித்து, மடித்து என் சட்டைப்பையில் பென்சிலுக்குப் பக்கத்திலேயே செருகினாள்.

“அடுத்த வருஷம் இருபத்தொரு பேருண்ணே. இருபது பேரைப் பத்தி எனக்குக் கவலையில்லை, அவங்க மாறமாட்டாங்க” என்றாள். “நீ நல்லவனா இருக்கப் போறியா, எப்பவும் போல இருக்கப் போறியான்னு மட்டும் இப்பவே சொல்லிடு. அதுக்குத் தகுந்த தடிப்புல நாணல் வாங்கணும்.”