மூன்றாம் தேதியா, மூன்றாம் மாதமா?

வாசகரே, 'பார்த்தாலே தெரியும்' என்றொரு மனித இனம் உண்டு. தேடி அலைய வேண்டாம். எந்த அலுவலகத்திலும் ஜன்னலோர நாற்காலி இவர்களுக்குத்தான். மாத்திரை அட்டையில் இருக்கும் எழுத்தைப் படிக்காமலே இது காய்ச்சலுக்கு என்பார்கள், வழி கேட்டால் கேள்வி முடிவதற்குள் கையை நீட்டிவிடுவார்கள். கேட்டுத் தெரிந்துகொள்வதா? அது இவர்களுக்குக் கௌரவக் குறைச்சல்.

இந்த இனத்தின் அசல் மாதிரி ஒருவர், நான் வேலை பார்க்கும் கண் மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், கணினிப் பிரிவில் இருக்கிறார். நோயாளிகளின் விவரமெல்லாம் சேர்ந்து கிடக்கும் தரவுத்தளம் அவர் பொறுப்பு. எஸ்க்யூஎல் என்ற மொழியில் அவர் கேட்பார், அது பதில் சொல்லும்.

போன ஜூனில் அவருக்கு ஒரு வேலை வந்தது. அதுவரை அறுவை சிகிச்சைத் தேதிகள் வெறும் எழுத்தாகவே கிடந்தன. ஒருவர் 03/08 என்று அடித்திருப்பார், இன்னொருவர் 3-8 என்பார், ஒரு புண்ணியவான் 'வர்ற செவ்வாய்' என்றே அடித்திருந்தார். இவற்றையெல்லாம் கணினிக்குப் புரியும் நிஜத் தேதியாக மாற்ற வேண்டும். அதற்குக் கட்டளை இருக்கிறது. முதலில் வருவது நாள், அடுத்தது மாதம் என்று கட்டளையோடு சேர்த்துச் சொல்லிவிட்டால் வேலை சுத்தம். சொல்லாவிட்டால் அது தன் வழக்கப்படி எடுத்துக்கொள்ளும். எங்கள் தரவுத்தளத்தின் வழக்கத்தில் மாதம்தான் முதலில்.

அடுத்த நாற்காலியில் இருந்த சக ஊழியை மெதுவாகக் கேட்டாள்.

"சார், எது நாள், எது மாசம்னு சொல்லிடலாமா?"

"பார்த்தாலே தெரியுதேம்மா."

யாருக்குத் தெரிகிறதாம்? கட்டளையை ஓட்டினார். இருபதாவது மாதம் என்று ஒன்று இல்லையே என்று தரவுத்தளம் முரண்டு பிடித்தது. உடனே, புரியாததைக் காலியாக விட்டுவிட்டு மேலே போகும் இன்னொரு கட்டளையைப் போட்டார். முரண்டு நின்றது. சரிபார்க்காமல் விடுவாரா? தன் பிறந்தநாளையே கொடுத்து மாற்றிப் பார்த்தார். அட்சரம் பிசகாமல் வந்தது. மனிதர் பிறந்தது ஐந்தாம் மாதம் ஐந்தாம் தேதி.

காலியாகப் போனவர்கள் கொடுத்துவைத்தவர்கள். வரவேற்பறையிலிருந்து போன் போட்டு அவர்களிடமே தேதியைக் கேட்டுக்கொண்டார்கள். பன்னிரண்டாம் தேதிக்குள் இருந்தவர்கள்தான், அவர்களுடைய தேதியை மாதம் என்று எடுத்துக்கொண்டாலும் தரவுத்தளம் முரண்டு பிடிக்காது என்பதால், சத்தமில்லாமல் மாட்டினார்கள். அதில் ஒருவர் அவருடைய சொந்த அக்கா.

அக்கா தையல்காரர். வலது கண்ணில் புரை. ஆகஸ்ட் மூன்றாம் தேதி காலையில் வெறும் வயிற்றோடு, பையில் மாற்றுத் துணியோடு வந்து நின்றார். வரவேற்பறைப் பெண் கணினியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி கணினியைப் பார்த்தாள்.

"உங்களுக்கு மார்ச் எட்டாம் தேதியே ஆபரேஷன் முடிஞ்சிருச்சேம்மா."

"எனக்குத் தெரியாம எப்படிங்க முடிஞ்சுது?"

அன்றைய பட்டியல் நிரம்பிவிட்டது; டாக்டர் உள்ளே போய்விட்டார். செய்தி கேட்டுத் தம்பி மூன்று மாடி இறங்கி ஓடி வந்தார். அக்கா திட்டியிருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பார். அவர் திட்டவில்லை. ஊசியில் நூல் கோர்க்கக் கணவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே ஆறு மாதத்தை ஓட்டியாயிற்று, இன்னும் எத்தனை நாளைக்கு அந்த மனிதரைக் கெஞ்சுவது என்று சொல்லி அழுதுவிட்டார். பக்கத்தில் நின்ற எனக்கே மனசு கேட்கவில்லை.

மறு தேதி எழுதிய சீட்டு வந்தது. 10/9. தம்பி அதை வாங்கினார். பிறகு, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, வரவேற்பறைப் பெண்ணிடம் குனிந்து வாய்விட்டுக் கேட்டார்.

"இது எந்த மாசம்மா?"

அவள் சொன்னாள். அவர் மாதத்தின் பெயரைச் சீட்டின் மேல் கொட்டை எழுத்தில் எழுதி அக்கா கையில் கொடுத்தார்.

அந்த இனத்தில் ஒரு தலை குறைந்தது என்று நீங்கள் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டப் போகிறீர்கள். ஒரு நிமிஷம். 10/9 என்று படித்தவுடனே உங்கள் மனசில் ஒரு மாதம் வந்து உட்கார்ந்ததே, அதை நான் சொன்னேனா? இல்லை, நீங்கள்தான் கேட்டீர்களா?