பின்சீட்டு மணம்

ஞாயிற்றுக்கிழமை கோட்டாற்றில் ததேயுஸின் மகள் லிஜாவுக்கு நிச்சயம். வெள்ளிக்கிழமை மதியம் ஆகியும் அவர் காருக்குள் பெட்ரோல் மணம் போகவில்லை.

மூன்று வாரமாக இதே பாடு. குளச்சல் எல்லையைத் தாண்டுமுன்பே மனைவி கிளாரா இரண்டு தடவை வாந்தியெடுத்துவிட்டாள். பிறகு தீர்மானமாகச் சொன்னாள்.

"மணம் போவல்லன்னா நான் பஸ்ஸில வாறேன். பெண்ணுக்க தாய் பட்டுச்சேலையோட படிக்கட்டில தொங்கிட்டு வரட்டு. சம்பந்தக்காரங்க பாக்கட்டு."

சொந்தக் காரில் வருகிறோம் என்று சம்பந்தியிடம் ததேயுஸ் நான்கு முறை போனில் சொல்லியிருந்தார். மஸ்கட்டில் பதினோரு வருடம் வெல்டிங் அடித்து வாங்கிய கார்.

குற்றவாளி யாரென்பதில் அவருக்குச் சந்தேகமில்லை: தம்பி மரியஜான். பங்குக் கோயில் திருநாளன்று பெட்ரோல் பங்க் அடைத்திருந்ததால், தன் மீன்பிடி வள்ளத்து டேங்கை முற்றத்துக்கே தூக்கிவந்து காரிலிருந்து ஐந்து லிட்டர் கேட்டான். ததேயுஸே குழாய் போட்டு உறிஞ்சி ஊற்றி, இரண்டு டேங்கையும் மூடி அனுப்பினார். மணம் தொடங்கியது அன்றுதான். அவன் கொண்டுவந்த குழாயில்தான் ஏதோ கோளாறு.

முதலில் அத்தர் தெளித்துப் பார்த்தார். பெட்ரோலும் அத்தரும் சேர்ந்ததில் லிஜாவும் வாந்தியெடுத்தாள்.

மெக்கானிக் ஞானசிங் வந்து ஒரு பைப்பை மாற்றினான். மணம் போகவில்லை. பின்சீட்டைக் கழற்றி அடியிலுள்ள பெட்ரோல் பம்பு வாஷரைப் பார்த்தான். திரும்ப மாட்டிய சீட்டு ஆடத் தொடங்கியது. மணம் அப்படியே இருந்தது. கடைசியில் டேங்கின் மூடியைக் கழற்றி பானெட்மேல் வைத்துவிட்டு, டேங்க் வாயில் ஈரத்துணியோடு டியூபைத் திணித்து, சைக்கிள் பம்பால் காற்றடித்தான். இணைப்புகளிலெல்லாம் சோப்பு நுரை தேய்த்தான். ஒரு குமிழ்கூட வரவில்லை.

"கைக்கு எட்டுன இடம் எல்லாம் கிண்ணுன்னு இருக்கு அண்ணாச்சி. இனி டேங்கை இறக்கணும்."

இதற்கிடையில் மரியஜான் தினமும் போன் செய்தான். வள்ளம் அரைமணிக்கூர் ஓடும், பிறகு நடுக்கடலில் நின்றுவிடும். பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று மூடியைத் திறந்து பார்த்தால் நிறைய இருக்கும். கயிற்றைத் திரும்ப இழுத்தால் எஞ்சின் ஓடும். பங்குச் சாமியார் புனித நீரும் தெளித்துப் பார்த்துவிட்டார்.

"நிச்சயம் முடியட்டு மக்கா," என்று ததேயுஸ் ஒவ்வொரு தடவையும் போனை வைத்துவிட்டார். கார் வாங்கியது தம்பிக்குப் பொறுக்கவில்லை என்று கிளாராவிடம் சொன்னார்.

சனிக்கிழமை டேங்கை இறக்கினார்கள். ஓட்டை இல்லை. திரும்ப ஏற்றும்போது ஒரு போல்ட் ஒடிந்தது. அந்த அளவு நாகர்கோவிலில் திங்கள்கிழமைதான் கிடைக்குமாம். கிளாரா உள்ளே போய் போனில் பஸ் நேரம் விசாரித்தாள்.

அப்போதுதான் மரியஜான் வந்தான். இன்றைக்கும் வள்ளம் நின்று, வேறொரு வள்ளம் கட்டியிழுத்து வந்திருக்கிறது. பானெட்டில் கிடந்த மூடியைக் கண்டதும் எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தான். நடுவில் ஆணியளவு ஒரு துளை. அதன் வழியே ஒரு பொட்டு வெளிச்சம் அவன் கன்னத்தில் விழுந்தது.

"அண்ணே, வள்ளத்து டேங்குக்குக் காத்து போவட்டுன்னு பழைய கார் மூடி வாங்கி ஆணியடிச்சு ஓட்டை போட்டது நானாக்கும்; அப்போ மூணு வாரமா எங்க எஞ்சினுக்கு மூச்சு முட்டுனது நீங்க மாத்திப் போட்ட உங்க கார் மூடியிலயா?"