ஜன்னலுக்கு முன்னால் ஒரு விறாந்தை

சவூதியிலிருந்து திரும்பியபோது நான் ஒரு பொய்யையும் கூடவே கொண்டுவந்தேன். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. “கட்டடக் கம்பனியில வேலை” என்றேன், அது சரிதான். அந்தக் கம்பனியின் களஞ்சிய அறையில் ஆணிப்பெட்டி எடுத்துக்கொடுப்பதுதான் என் வேலை என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கலியாணம் முடித்துச் சாய்ந்தமருதில் மனைவி வீட்டுக்குக் குடிவந்த மூன்றாம் மாதமே ஊர் என்னை ‘இஞ்சினியர் மருமகன்’ ஆக்கிவிட்டது. (ஊர் என்றால் மாமியின் பக்கத்து வீடுகள் நான்கு.)

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். சுவரும் கூரையும் கிணறும் மாமாவுடையவை. எனக்கென்று இருந்தவை ஒரு சூட்கேசும் ஒரு கசெட் ரேடியோவும். யாரும் என்னை ஒரு குறை சொன்னதில்லை. கறியில் நல்ல துண்டு எனக்குத்தான் வந்தது. ஆனாலும் விருந்தாளியாகவே கிழவனாகிவிடுவேனோ என்ற பயம் உள்ளே இருந்தது. அந்த வீட்டில் என் கையால் ஏதாவது ஒன்று நிமிர்ந்து நிற்கவேண்டும்.

“மாமா, முன்னுக்கு ஒரு விறாந்தை கட்டுவமா? ஆக்கள் வந்தா இருக்க நல்லம்.”

“ஓம் மருமகன், கட்டுங்க” என்றவர், விதைப்பு வேலைக்காக இறக்காமத்து வயலுக்குப் போய்விட்டார்.

ஒரு கொப்பித் தாளில் படம் கீறினேன். நான்கு தூண், அரைச்சுவர், மேலே தகரம். ஊரில் எல்லா விறாந்தைக் கூரையும் ரோட்டுப் பக்கம் தாழ்ந்துதான் இருக்கும். எனக்கு அது போகிற வருகிறவர்களுக்கெல்லாம் குனிந்து நிற்பதுபோலத் தெரிந்தது. ஆகவே திருப்பிப் போட்டேன்: ரோட்டுப் பக்கம் உயரம், வீட்டுப் பக்கம் தாழ்வு. வீட்டுக் கூரையும் விறாந்தைக் கூரையும் சந்திக்கும் இடத்தில், சரியாக வாசற்கதவுக்கு மேலே, மழைத்தண்ணீர் ஓட ஒரு தகரப் பீலி.

மேசன் பாவா காக்கா தாளை நெடுநேரம் பார்த்தார்.

“தம்பி, வீட்டுக் கூரைத் தண்ணியும் இஞ்ச வருது, விறாந்தைக் கூரைத் தண்ணியும் இஞ்ச வருது. மறுகா எங்கால போற?”

“பீலியால போகும் காக்கா.”

“மாரி மழை இந்தப் பீலிக்க அடங்குமா?”

“சவூதியில இப்பிடித்தான் கட்டுற.”

“அங்க மழை பெய்யிறயா?”

நான் அவசரமாகத் தூணுக்கு இடம் அளக்கப் போனேன். (நான் இருந்த காலத்தில் அங்கே பெய்த மழையை ஒரு தேநீர்க் கோப்பையில் பிடித்திருக்கலாம்.)

வேலை முடிந்தது. மனைவி ஜெமீலா வாசலில் நின்று மேலே பார்த்தாள்.

“எப்பிடி?”

“உசரமா இரிக்கி” என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

விதைப்பு முடிந்து மாமா வந்ததும் குர்ஆன் கத்தம் ஓதிச் சாப்பாடு கொடுக்க ஏற்பாடானது. பகல் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் புது விறாந்தையில் பாய்களில் அமர்ந்தார்கள். பெண்கள் உள்ளே முன்னறையில். வீட்டுக்காரர் என்பதால் மாமாவைக் கதவோரம் இருத்தினேன், பீலியின் ஒரு முனைக்கு நேர் கீழே. ஓதி முடியும்போது கடற்பக்கம் கறுத்தது. மழை பிடித்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

“பாத்தீங்களா, ஒரு சொட்டும் அடிக்கல்ல!” என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

அது ஐந்து நிமிடம் உண்மையாக இருந்தது. பிறகு பீலி நிறைந்தது. கதவுக்கு மேலே நூல்போல ஒழுகிய தண்ணீர் திரைச்சீலை போல இறங்க ஆரம்பித்தது. திரைக்கு அந்தப் பக்கம், ஆறு பேர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டோடு மாமி. இந்தப் பக்கம் கை கழுவிக் காத்திருக்கும் விருந்தாளிகள். இடையில் நான், ஒரு குடையோடு. குடைக்குக் கீழே முதல் சஹனை வாங்கினேன். சோறு நனையவில்லை, இறைச்சிக் கறிதான் ரசமாகிவிட்டது.

“மழை அல்லாஹ்ட றஹ்மத்துதானே” என்று ஓதவந்த ஆலிம் ஆறுதல் சொன்னார். அந்த நேரம் மேலே ‘க்ர்ர்’ என்று ஒரு சத்தம். பாவா காக்கா என் முகத்தைப் பார்த்தார், நான் பீலியைப் பார்த்தேன். பீலி யாரையும் பார்க்கவில்லை. ஒரு பக்கம் கழன்று, சேர்த்துவைத்த தண்ணீர் அத்தனையையும் மாமாவின் தலையில் கொட்டியது. அவருடைய தொப்பி மிதந்துவந்து என் முழங்காலடியில் நின்றது.

மாமா மெதுவாக முகத்தை வழித்துவிட்டார்.

“மருமகன், இந்த வாய்க்காலுக்கு நீங்கதானா வட்டவிதானை?”

வட்டவிதானை என்றால் வாய்க்கால் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடுகிற பொறுப்பாளர். விறாந்தை முழுக்கச் சிரித்தது. உள்ளே பெண்களும் சிரித்தார்கள். அதில் ஜெமீலாவின் குரலை என்னால் தனியாகப் பிரித்தறிய முடிந்தது.

எல்லோரும் போனபின் முன்னறையில் தண்ணீரை வாரிக்கொண்டிருந்தேன். மாமி ரோட்டுப் பக்க ஜன்னலைத் திறந்தார். பகலிலும் அறை இருட்டாக இருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

“கோவிக்காதீங்க மகன்” என்றார். “எனக்கு மழை பெஞ்சது நல்லமாப் போச்சி.”

“ஏன் மாமி?”

“இந்த ஜன்னலால பாத்துத்தான் எங்கட பொழுது போற. மீன்காரன், ஸ்கூல் விட்டு வாற புள்ளையள், ஆர் எங்க போற, எல்லாம். நீங்க ஆம்பிளையள் இருக்க இடம் கட்டினீங்க. ஆம்பிளையள் வந்து இருந்தா, நாங்க ஜன்னலச் சாத்தத்தானே வேணும்?”

ஜெமீலாவிடம் திரும்பினேன்.

“நீ ஏன் சொல்லல்ல?”

“நீங்க கேக்கல்லயே.”

தூணின் உயரத்தை, தகரத்தின் நீளத்தை, கதவின் அகலத்தையெல்லாம் அளந்திருந்தேன். அந்த வீட்டுக்குள் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. விருந்தாளியாக இருக்க மாட்டேன் என்று கட்டிய விறாந்தையை ஒரு விருந்தாளியைப் போலவே, வாசலில் நின்றுகொண்டே கட்டியிருக்கிறேன்.

அடுத்த கிழமை கூரையைக் கழற்றினோம். அதே தகரத்தில் குசினிக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு பத்தி, சுவரோடு சாய்ந்த ஒரு சாய்ப்பு, இறக்கினோம். இந்த முறை மாமியும் ஜெமீலாவும் மணலில் ஈர்க்கால் கோடு போட்டார்கள். “இதில பாய், இதில அம்மி, காத்து இந்தப் பக்கத்தால வரவேணும்.” பாவா காக்கா சரிவை வெளியே வைத்தார். நான் மணல் சுமந்தேன். என் பிள்ளைகள் தவழ்ந்ததும் மச்சினியின் கலியாணம் பேசி முடிந்ததும் அந்தப் பத்தியில்தான். பின்னேரம் நானும் அதில்தான் உட்காருவேன்; என்னை உள்ளே சேர்த்துக்கொண்ட இடம் அது.

ஆனால் பட்டம் என்னை விடவில்லை. மாமா மௌத்தாகிப் பல வருடங்களாகியும், வீட்டில் குழாய் ஒழுகினால் “வட்டவிதானையக் கூப்பிடுங்க” என்கிறார்கள். போன வருடம் பேத்தி, பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது, ‘மூத்தவாப்பாவின் தொழில்: வட்டவிதானை’ என்று எழுதிவிட்டாள். அவளைக் கூட்டிவரப் போன என்னிடம் டீச்சர் மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

“அந்தக் காலத்தில எந்தப் பக்கத்து வயலுக்குத் தண்ணி விட்டீங்க?”

“வயலுக்கு விடல்ல டீச்சர்” என்றேன். “மாமாட தலைக்கு.”