எங்கள் தையல்கடையின் டெலிபோன் எண்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். உன் வீட்டிலும் எல்லாரும் அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்புவதோடு, உன்மேல் எனக்குள்ள கோபத்தையும் இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன்.

நீ கணக்கு வாத்தியார்தான். அதற்காக ஒரு தையல்காரரிடம் வந்தா உன் கணக்கைச் சொல்வது? நம் கடை எண் 73939133. கடைசி மூன்றுக்குப் பதில் எட்டைப் போட்டால் டாக்சிக் கம்பெனி. அவசரத்தில் தப்பாக அழுத்திவிட்டுப் பாதி ஊர் எங்களிடம்தான் டாக்சி கேட்கிறது. எண்ணை மாற்றித் தரச் சொல்லி டெலிபோன் ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு அக்கடா என்று இருந்தேன். அப்போது பார்த்து நீ வந்தாய், பெயர்ப்பலகையைப் பார்த்தாய். "அத்தான், இது பகா எண். ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுபடாது. கடைசி இலக்கத்தை வெட்டுங்க, மிச்சமும் பகா எண். இன்னொண்ணு வெட்டுங்க, அதுவும் பகா எண். ஒத்தை ஏழு மிஞ்சுற வரைக்கும் இப்படியேதான். இந்த ஜாதி எண்ணுல இதைவிடப் பெரிசு கிடையவே கிடையாது" என்றாய். காப்பியைக் குடித்தாய். போய்விட்டாய்.

அன்றிலிருந்து மனிதர் கால்குலேட்டரும் கையுமாக அலைகிறார். "எங்க வெட்டினாலும் பிசிறு வராத துணி இது. இதைப் போய் மாத்தச் சொல்றியே" என்று என்னையே கேட்கிறார். டாக்சி கேட்டுக் கூப்பிடுகிறவர்களிடம், "கடைசியில எட்டு போடுங்கம்மா. ஆனா அது ரெண்டால வகுபட்டுடும், பரவாயில்லையா?" என்று ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. அந்தப் பேச்சு மும்முரத்தில் ஒரு மாப்பிள்ளையின் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துத் தைத்துவிட்டார். இவரால் ரயிலைத் தவறவிட்ட ஓர் அம்மாள் பெட்டியும் கையுமாகக் கடைக்கே சண்டைக்கு வந்தாள். அவளை உட்காரவைத்து, வெட்டுமேசையில் சாக்பீஸால் எண்ணை எழுதி, ஒவ்வொன்றாக அழித்துக் காட்டினார். அவள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்து அடுத்த ரயிலையும் விட்டாள்.

பொறுக்க முடியாம, "நம்பர் வேணுமா, நான் வேணுமா?"ன்னு கேட்டேன்டா. யோசிக்கிறார்! அப்புறம், "நீ இல்லாம நம்பரை மட்டும் வச்சுக்கிட்டு, அதை யார்கிட்ட சொல்லி சந்தோஷப்படுறது?"ங்கறார். இதுக்கு நான் கோபப்படறதா, வேற என்ன செய்யறது, நீயே சொல்லு.

ஆகையால் நீ ஒரே ஒரு பொய் சொல்ல வேண்டும். "தப்பாச் சொல்லிட்டேன் அத்தான், அது பதினேழால வகுபடுது" என்று போன் பண்ணிச் சொல். கால்குலேட்டரை நான் ஒளித்துவைத்துக்கொள்கிறேன். பார்த்து அழுத்து, உன் வாசலில் டாக்சி வந்து நிற்கப் போகிறது.

உன் மனைவிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு முத்தம். உனக்கு உள்ளதைக் கோபம் தீர்ந்தபின் அனுப்புகிறேன்.

உன் அக்கா

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போற நேரத்துல டெலிபோன் ஆபீஸ்காரர் புது எண்ணோட வந்தார். அத்தான் நூல் வாங்கப் போயிருந்தார். வாங்கிப் பார்த்தேன். "என்னங்க இது, அஞ்சால வகுபடுதே!"ன்னு என் வாயிலேயே வந்துடுச்சு. அந்த ஆள் பாவம், திருதிருன்னு முழிச்சார். பழசே இருக்கட்டும்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன். அந்தப் பொய்யை மட்டும் சொல்லிடாதடா, மனுஷன் உடைஞ்சு போயிடுவார். நான் செஞ்சதையும் அவர்கிட்ட சொல்லாதே. கோபமா இருக்கேன்னே நினைச்சுக்கிட்டு இருக்கட்டும்.