வானுக்கு டயர் தெரிவு செய்த வரலாறு

1991 பெப்ரவரியில் லண்டன் ஹரோவில் முழங்கால் அளவுக்குப் பனி கொட்டியபோது, எங்கள் தமிழர் நலன்புரிச் சங்கத்தின் வான் வண்டி வீதியில் வழுக்கிப் போய்ப் பக்கத்து வீட்டு வேலியை முட்டியது. பனி டயர் வாங்குவது குறித்து ஆராயச் செயற்குழு அவசரமாகக் கூடியது. செயலாளர் என்ற முறையில் நான் குறிப்பெடுத்தேன்.

வான் ஓட்டும் பாலேந்திரா வாசலில் நின்றே சொன்னார்: "அண்ணை, பழைய டயரிலையே 185 எண்டு எழுதிக் கிடக்கு. அதே சைஸ் வாங்கினால் சரி."

தலைவர் செல்வரத்தினம் ஊரிலே கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், பிரதம லிகிதராக இருந்தவர். கண்ணாடியைக் கழற்றினார். "அது கொம்பனிக்காரன் எழுதினது. எங்கட சங்க யாப்பு விதியிலை எங்கை இருக்கு?"

"ஹவுன்ஸ்லோ சங்கத்து வானுக்கும் 185 தானாம்," என்றார் பொருளாளர் பரமேஸ்வரன். "நாங்கள் அவையளிலும் குறைஞ்ச ஆக்களே? 195 எண்டு பிரேரிக்கிறன்."

"அந்த ரிம்முக்கு அது சரிவராது, அண்ணை," என்றார் பாலேந்திரா.

"சரிவராட்டித் திருத்தம் கொண்டுவரலாம்."

வாக்கெடுப்பில் ஐந்துக்கு ஐந்து. யாரையும் பகைக்க விரும்பாத தலைவர், முன்னுக்கு இரண்டு 185, பின்னுக்கு இரண்டு 195 என்று தீர்ப்பளித்தார். ஏகமனதாக நிறைவேறியது. கராஜ்காரன் மட்டும் அப்படிப் பூட்ட மாட்டேன் என்றான். அவனுக்கு விளக்கம் கோரிக் கடிதம் அனுப்பினோம்.

இதற்கிடையில் அருள்நாயகி அக்கா எனக்குப் போன் எடுத்தார். ஹரோவில் பாதிப் பெண்களுக்குச் சேலைச் சட்டை தைத்துப் பிழைக்கிறவர். கண்ணில் புரை விழுந்து, ஊசியில் நூல் கோக்க ஏலாமல் இருந்தார். பதினாலு மாதம் காத்திருந்து சத்திரசிகிச்சைக்கு நாள் கிடைத்திருந்தது.

"தம்பி, பஸ்ஸும் ஓடேல்லை. வியாழக்கிழமை வான் வருமோ?"

"பரிசீலனையிலை இருக்கு, அக்கா."

எங்கள் பத்துப் பேர் வீட்டு வாசலிலும் கார் நின்றது. என் காரைக் கொண்டுபோகட்டோ என்று தலைவரைக் கேட்டேன். சங்கத்தின் பரிசீலனையில் உள்ள பயணத்தைத் தனி ஆள் பொறுப்பெடுப்பது ஒழுங்கீனம் என்றார். வெளியே நல்ல குளிர். எனக்கும் அவர் சொன்னது நியாயமாகவே பட்டது.

வியாழன் போயிற்று. ஆஸ்பத்திரி அக்காவை மறுபடி வரிசையின் கடைசியில் போட்டது.

ஏப்ரலில், நல்ல வெயிலில், விசேட பொதுக்கூட்டம் 185 என்று முடிவெடுத்தது. புதுப் பனி டயர்களுக்குத் திறப்பு விழா வைத்தோம். தேங்காய் உடைத்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, அருள்நாயகி அக்காவையே நாலு வார்த்தை பேசக் கூப்பிட்டோம்.

அக்கா மெல்லக் குனிந்து ஒரு டயரைத் தடவினார்.

"நூற்றியெண்பத்தஞ்சு எண்டு விரலுக்கே தெரியுது. உங்கள் பத்துப் பேருக்கும் கண்ணிலை என்ன நோய்?"

எல்லோரும் கை தட்டினோம். அதை ஆசியுரை என்று குறிப்பேட்டில் பதிந்தேன். பரமேஸ்வரன் வழிமொழிந்தார்.