பெரிய துறைமுகம் வரும்வரை

சின்ன வேலை எதையும் தொடமாட்டார்கள். பெரிய வேலை ஒன்று வரப்போகிறதே! இப்படி ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. பெருந்திட்டக்காரர் என்று இவர்களுக்குப் பெயர் வைத்திருக்கிறேன். மாகாண அரசின் துறைமுகக் கொள்கைப் பிரிவில் இந்த இனம் நன்றாகச் செழிக்கும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் அங்கே இயக்குநர். லஞ்சத்துக்குக் கை நீட்டாதவர், நேரத்துக்கு வருபவர், கோபமே வராதவர். அவர் அறையின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் வரப்போகும் துறைமுகம் இருந்தது: தீப்பெட்டி அளவில் கப்பல்கள், விரல் உயரத்தில் பாரந்தூக்கிகள், அலையே இல்லாத நீலக் கடல். அதன்மேல் படியும் தூசியைத் தன் கைக்குட்டையாலேயே துடைப்பார். ஜன்னலைத் திறந்தால் நிஜமான படகுத்துறை தெரியும். நடுவில் பலகைகள் உடைந்து, அக்கரைக்குப் போகிறவர்கள் ஓட்டையைத் தாண்டிக் குதிப்பதும் தெரியும். ஜன்னலைத் திறக்கமாட்டார். வெயில் பட்டால் நீலம் வெளுத்துவிடும் அல்லவா?

படகுக்காரர் ஒருநாள் வந்து நின்றார்.

"சார், ரெண்டு பலகை போட்டுக் குடுத்தா போதும்."

"பலகையா? அங்க என்ன வரப்போகுதுன்னு தெரியுமா? குளிர்சாதனப் பயணியர் முனையம்!"

"அது வர்ற வரைக்கும், சார்?"

"தற்காலிகமா ஏதாவது செஞ்சா நிரந்தரமானது தள்ளிப்போயிடும். கொள்கையே அதுதான். இப்ப ஜனங்க தாண்டுறாங்கல்ல?"

"தாண்டுறாங்க."

"அப்புறம் என்ன?"

தாண்டியவர்களில் இயக்குநரின் மனைவியும் ஒருவர். அக்கரை மருத்துவமனையில் செவிலியர். மழை பெய்த ஒரு காலையில் கால் வழுக்கி, இடுப்புவரை அந்த ஓட்டைக்குள் போய்விட்டார். படகுக்காரர்தான் தூக்கினார். காலில் எலும்பு முறிந்திருந்தது.

இயக்குநர் குடையை மறந்து, செருப்பையும் மறந்து ஓடிவந்தார். மருத்துவமனைக் கட்டிலருகே மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, நாம் கேலி செய்ய முடியாதபடி அழுதார்.

"இனிமே யாருக்கும் இப்படி நடக்க விடமாட்டேம்மா."

"என்ன செய்யப்போறீங்க?"

"முனையத்துலேருந்து ஆஸ்பத்திரிக்குத் தனியா ஒரு படகு வழியே வச்சுடறேன். திட்டத்துல இன்னைக்கே சேர்த்துடறேன்."

அந்த அம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்ததும் படகுக்காரரை வரவழைத்தார். அவர்கள் வீட்டுக் குளியலறைக் கதவு கழன்று, கூடத்துச் சுவரில் வெகுகாலமாகச் சாய்ந்திருந்தது. புது வீடு கட்டப்போகிறார்கள், பழைய வீட்டுக்குக் கீல் எதற்கு? உள்ளே போகிறவர்கள் உரக்கப் பாடுவார்கள். அதுதான் தாழ்ப்பாள்.

"இத எடுத்துட்டுப் போங்கண்ணே. நல்ல தேக்கு."

மறுநாள் கதவு ஓட்டையின்மேல் அறையப்பட்டிருந்தது. குதிக்காமல் நடந்து போனார்கள் ஜனங்கள்.

செய்தி இயக்குநரை எட்டியது. அரசு நிலத்தில் அனுமதியில்லாத கட்டுமானம்! பெயர்த்தெடுப்பதற்கு இரண்டு ஆட்களோடு கிளம்பினார். கதவைப் பார்த்ததும் யாருடையது என்று தெரிந்துவிட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி அதன்மேல் நடந்து படகேறினாள். அவர் ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தார். இரண்டு காலையும் வைத்தார். கொஞ்சநேரம் அங்கேயே நின்றார். பிறகு ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

மாலையில் மனைவி கேட்டார்: "எடுத்துட்டீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"முனையம் கட்டறப்ப எப்படியும் எடுக்கத்தானே போறாங்க. இப்ப எதுக்குத் தனியா ஒரு வேலை?"

விழுந்த நாளிலிருந்து சிரிக்காத அம்மாள், கட்டுப் போட்ட கால் வலிக்க வலிக்கச் சிரித்தார். அவர் எதற்குச் சிரித்தார் என்று இயக்குநருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நீங்களும் சிரித்தாயிற்றா? நல்லது. இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைக் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். ஆடுகிறதா? ஒரு காலுக்கடியில் காகிதம் மடித்து வைத்திருக்கிறதா?

பரவாயில்லை, விடுங்கள். புதுசாக ஒரு செட்டே வாங்கப்போகிறீர்களே!