வாணியம்பாடி மாமியார் குடித்த விளக்கெண்ணெய்

வேலூர்,
ஆகஸ்டு 1931

ஆம்பூர் தோல் ஷாப்பில் பாடுபடும் அன்புள்ள அப்பாவுக்கு, ஆண்டவர் கிருபையால் இன்னும் உயிரோடிருக்கும் மகள் மார்த்தாள் பணிந்து எழுதுவது. இவ்விடம் நான் சுகம் என்று எழுதுவதுதான் முறை. சுகமில்லை. வெள்ளிக்கிழமையே வந்து என்னை அழைத்துப் போங்கள்.

இந்த ஆஸ்பத்திரி நர்ஸ் படிப்பில் விடியும் முன்பே மணி அடிக்கிறார்கள். எழுந்து தரையைக் கார்பாலிக் என்ற கிருமி கொல்லும் திராவகம் ஊற்றித் தேய்க்கிறோம். அந்த நெடிக்கு நம் ஊர்த் தோல் தொட்டியே சந்தனம். பிறகு ஜெபம், கஞ்சி, எலும்புப் பாடம். உடம்பில் இருநூற்றாறு எலும்பாம். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு முப்பதுதான் மனப்பாடம். மற்றவை இருப்பது வலிப்பதால் தெரிகிறது. கூடப் படிக்கும் பூவம்மாள் கஞ்சிக் கோப்பையைப் பார்த்தே அழுகிறாள். உப்புப் போடாத கஞ்சிக்கு அதுவும் உதவிதான்.

இதையெல்லாம் பொறுத்திருப்பேன். என் குரல்தான் என்னைக் கெடுத்தது. தலைமை நர்ஸ் அன்னம்மாள் சிஸ்டர், "வாயில இன்னா கொழுக்கட்டையா? சனிக்கிழமைக்குள்ள சத்தமா பேசல, வூட்டுக்குப் போய்டு!" என்று சொல்லிவிட்டார்.

நேற்று பர்தாப் பெண்களுக்கான கோஷா வார்டில் ஜஹீருன்னிசா என்ற நோயாளிக்கு விளக்கெண்ணெய் கொடுக்கச் சொன்னார்கள். ஆண் டாக்டர் வந்து போன நேரம். நோயாளி, துணைக்கு வந்தவர்கள் எல்லாரும் பர்தாவுக்குள் இருந்தார்கள். கட்டிலில் படுத்திருந்தவரிடம் "நீங்கள் யார்?" என்று கேட்க எனக்கு வெட்கம். கோப்பையை முகத்திரைக்குக் கீழே நீட்டினேன். காலியாகத் திரும்பி வந்தது. குடித்தது இடுப்பு வலி என்று மருமகள் கட்டிலில் சற்றுச் சாய்ந்த வாணியம்பாடி மாமியார் பில்கிஸ் பீபி! ஜஹீருன்னிசா ஜன்னலோரம் முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

ஏழு தடவை ஓடிய மாமியார் என்னைத் திட்டவில்லை. "இருபது வருச வயித்துக் கட்டு பேஜார் போச்சு பொண்ணு! இன்னும் ஒரு கோப்பை கொண்டா," என்று கட்டிலையே பிடித்துக்கொண்டார். மருமகள் முக்காலியில். சிஸ்டர் முகம் மிளகாய்ப் பழம். அவர் துரத்துமுன் நானே வந்துவிடுகிறேன். நீங்கள் சொன்ன மேஸ்திரியையே கட்டிக்கொள்கிறேன், முன்பல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அம்மாவுக்கும் தம்பிகளுக்கும் முத்தங்கள். தேவன் உங்களைக் காப்பாராக.

கீழ்ப்படிதலுள்ள,
மார்த்தாள்

பி.கு.: வர வேண்டாம். கடிதத்தை ஒட்டுமுன் வார்டுக்குப் போனேன். மாமியார் அலமாரியைத் திறந்து புட்டியோடு வாயில் கவிழ்க்கப் போனார். அது எண்ணெயில்லை, கார்பாலிக் விஷம்! "கீழ வைம்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் வாசல் வண்டி மாடு மிரண்டதாம். புட்டி கீழே வந்துவிட்டது. சிஸ்டர் என்னை இருக்கச் சொல்லிவிட்டார். மேஸ்திரிக்கு வேறு பெண் பாருங்கள். என்னைப் பார்க்க வந்தால் நாலிலிருந்து ஐந்துக்குள் வாருங்கள். ஐந்தடித்ததும் எல்லாரையும் வெளியே விரட்டுவது இனி என் வேலை. அப்பா என்றும் பார்க்க மாட்டேன்.